இரண்டு நெளி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வருகிறவர்கள் கதவை நன்றாகச் சாத்திவிட்டு வாருங்கள். இந்தக் காற்றுக்கு ஒரு சந்து கிடைத்தால் போதும், என் பேச்சைப் பாதியில் தூக்கிக்கொண்டு போய்விடும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கூரையின் கதை சொல்கிறேன். கூரையில் என்ன கதை இருக்கிறது என்று கேட்கிறவர்கள், எங்கள் மேட்டுச் சமவெளியில் தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும்.

நிக்காசியாவுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. அவள் புருஷன் லீனோ இருபத்தாறு வருஷம் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். சுரங்கம் அவனுக்குக் கொடுத்ததெல்லாம் நெஞ்சு நிறையத் தூசிதான். படுத்தால் மூச்சு முட்டும் என்று மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவான். ஈரம் பட்டால் ஒரு வாரம் இருமுவான். குளிரும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மருத்துவமனையில் நிக்காசியாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வீடு மண்கல் வீடு. ஒரு பெரிய அறை, அதை ஒட்டி ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் கொள்கிற மாதிரி ஒரு சின்ன அறை. சின்னது மகன் எலோயுடையது. அவன் புவெனோஸ் ஐரஸில் ஒரு தையல் பட்டறையில் வேலைக்குப் போய் ஒன்பது வருஷம் ஆயிற்று. அவன் ஊரை விட்டுக் கிளம்பிய அதே வருஷம்தான் வைக்கோலைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டார்கள். இருந்த தகரம் இரண்டு அறைக்கும் பற்றவில்லை. தகரத்தை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றும்போது அதன் அலை மடிப்பில் இரண்டு நெளி ஏற வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் நண்டு சிண்டுக்கும் தெரியும். லீனோ ஒரு நெளி மட்டும் ஏற்றி இழுத்துப் பிடித்து, எலோயின் அறையையும் மூடிவிட்டான். பிள்ளையின் அறையைத் திறந்து போட்டால் பிள்ளை திரும்ப மாட்டான் என்று அவனுக்கு ஒரு பயம்.

எட்டு வருஷம் காற்று பொறுத்துக்கொண்டது. ஒன்பதாம் வருஷம் ஆகஸ்டில் அந்த ஒற்றை நெளிக்குள் விரலை விட்டது. ஒரு தகரம் கிளம்பியது, அதன் பின்னாலேயே எல்லாம் கிளம்பின. ஒன்றை அடுத்த வீட்டில் கம்பளிக்கு வளர்க்கும் லாமாக்களின் பட்டியில் கடிதம் மாதிரி மடிந்து கிடக்கக் கண்டெடுத்தார்கள்.

அதிலிருந்து மூன்று மாதம் நைலான் விரிப்புதான் கூரை. மேலே கல், கீழே சட்டி. விடிந்ததும் நிக்காசியா சட்டிகளைக் கொட்டுவாள், கட்டிலை இழுத்துப் போடுவாள், மறுபடி இழுத்துப் போடுவாள். அந்தக் கட்டில் போகாத மூலை அந்த அறையில் பாக்கி இல்லை. அவள் இடுப்பும் தோளும் எப்போது வலிக்க ஆரம்பித்தன, எப்போது வலிப்பதே வழக்கமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. டிசம்பர் வந்தால் ஆலங்கட்டி. நைலான் அதற்கு ஒரு நாள் தாங்காது.

எங்கள் ஊரில் ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு இருக்கிற மாதிரியே கூரைக்கும் ஞானத்தகப்பன் உண்டு. தகரம் அவன் கொடுக்க வேண்டும், முகட்டில் சிலுவை அவன் நட வேண்டும். அவன் மனமுவந்து கொடுப்பதுதான் கணக்கு, அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. லீனோவோடு சுரங்கத்தில் கிடந்த ஃபெர்மீன் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். இப்போது சொந்த லாரி ஓட்டுகிறவன். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை நிக்காசியாவையும் லீனோவையும் லாரியில் ஏற்றி, தன் பெண்டாட்டி சபீனாவையும் கூட்டிக்கொண்டு ஓரூரோ நகரத்துக்குத் தகரம் எடுக்கப் போனான்.

கடை வாசலில் சிவப்புத் தகரம் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. ஓடு மாதிரி அச்சு வைத்த தகரம்.

“பாத்தியா மச்சான்!” ஃபெர்மீன் லீனோவின் முதுகில் தட்டப் போய், நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டான். “ரோட்ல லாரி ஓட்டிட்டு வரும்போதே தெரியும். அதோ பாரு, ஃபெர்மீன் போட்ட கூரைம்பானுங்க. ரெண்டு ரூமுக்கும் தாராளமா வரும்.”

நிக்காசியா பெருவிரலை வைத்து அழுத்தினாள். தகரம் டொக்கென்று உள்ளே போய், டொக்கென்று வெளியே வந்தது.

“என்ன, ரொட்டி வெந்துருச்சான்னு பாக்குறியா?” என்றாள் சபீனா.

“வெந்துருச்சு மதினி. ஆனா காத்து தின்னுட்டுப் போயிடும்.”

பின்னால் சுவரோரம் சாம்பல் நிறத்தில் கனத்த தகரம் அடுக்கிக் கிடந்தது. பளபளப்பு கிடையாது. நிக்காசியா அதன் விளிம்பைத் தூக்கப் பார்த்தாள், கை இறங்கியது. அழுத்திப் பார்த்தாள், அசையவில்லை.

“அதே காசுக்கு அது எவ்வளவும்மா வரும்?” என்று கடைக்காரியைக் கேட்டாள்.

கடைக்காரி வீட்டின் நீள அகலம் கேட்டாள், விரல் விட்டு எண்ணினாள். “ரெண்டு நெளி ஏத்துனா பெரிய ரூமுக்கு வரும். அதுக்கு மேல சின்ன ரூம்ல பாதிக்கு வரும்.”

“பாதிக் கூரையா!” சபீனா சிரித்தாள். “பாதித் தலைக்குத் தொப்பி போட்ட மாதிரி. ஏம்ப்பா, எங்க லாரிக்கு மானம் மரியாதை இருக்கா இல்லையா?”

ஃபெர்மீன் முகம் சுருங்கியது. “தங்கச்சி, நான் குடுக்கறது நிறைவா இருக்கணும். ஒரு ரூமை மொட்டையா விட்டுட்டு முகட்டுல நான் எப்படிச் சிலுவை நடறது?”

“அண்ணே, நீங்க குடுக்கறது பறக்காம இருந்தா அதுதாண்ணே நிறைவு.” அவள் குரலில் சண்டை இல்லை. சண்டைக்குத் தெம்பு வேண்டுமே. “எனக்கு இந்தச் சாம்பல்தான் வேணும்.”

லீனோ அதுவரை தகர அடுக்கில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கினான். “அப்ப எலோய் வந்தா எங்க படுப்பான்?”

கடைக்காரி வேறு பக்கம் பார்த்தாள்.

“ஒரு நெளி ஏத்துனா ரெண்டு ரூமுக்கும் வந்துடும். கனத் தகரம்தானே, தாங்கும்” என்றான் லீனோ.

“ரெண்டு நெளி” என்றாள் நிக்காசியா. “ஒண்ணு ஏத்தித்தான் மூணு மாசமா சட்டி கொட்டுறேன்.”

சாம்பல் தகரம் லாரியில் ஏறியது. திரும்பி வரும் வழி முழுக்க லீனோ அவளோடு பேசவில்லை. இருமும்போது மட்டும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கூரை போடும் நாள் ஒரு சனிக்கிழமை. ஊர் ஆண்கள் பன்னிரண்டு பேர் கைமாற்று வேலைக்கு வந்தார்கள். நேற்று அவர்கள் வீட்டுக்கு நீ போனாய், இன்றைக்கு உன் வீட்டுக்கு அவர்கள். மேஸ்திரி கலிஸ்தோ. நிக்காசியா இருட்டோடு எழுந்து இரண்டு அண்டா சூப் வைத்தாள். ஆட்டிறைச்சி, கீன்வா தானியம், பனியில் காயவைத்த கறுப்பு உருளைக்கிழங்கு. சபீனா மக்காச்சோளக் கள்ளை முதலில் பூமித்தாய்க்கு ஊற்றினாள், பிறகு ஆண்களுக்கு, பிறகு யாரும் பார்க்காத மாதிரி தனக்கு. மேலே சுத்தியல் சத்தம் எழுந்தது. லீனோ போர்வையைச் சுற்றிக்கொண்டு வெயிலில் முக்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுப்பகலில் நிக்காசியா கள்ளுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஏணியடிக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். தகரம் பெரிய அறையைத் தாண்டி எலோயின் அறைப் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. வேகம் கொஞ்சம் அதிகம். குடத்தைக் கீழே வைத்தாள். அத்தனை பாவாடைகளையும் ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

“ஐயோ, வீட்டம்மா பறக்கப் போகுது!” என்று ஒருவன் கத்தினான். சிரித்தார்கள்.

அவள் மேலே போய்த் தகரத்தின் இணைப்பில் விரல் வைத்து எண்ணினாள். ஒரு நெளி. அடுத்த இணைப்பு. ஒரு நெளி.

“கலிஸ்தோ, யாரு சொன்னது?”

கலிஸ்தோ வாயில் வைத்திருந்த ஆணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். கீழே முக்காலியில் இருந்த லீனோவைப் பார்த்தான்.

நிக்காசியா அங்கேயே முகட்டுச் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தது களைப்புதான். எத்தனையோ நாள் களைப்பு அந்தச் சட்டத்தின் மேல் அவளோடு வந்து உட்கார்ந்தது.

“பிரிங்க” என்றாள்.

“அக்கா, எட்டு தகரம் அடிச்சாச்சு. ஆணி ஓட்டை எல்லாம்...”

“ஓட்டையில தார் வையி. பிரி.”

கீழேயிருந்து லீனோ கத்தப் பார்த்தான். குரல் எழும்பவில்லை. எழுந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “அவன் ரூமுடி, நிக்கா. அவன் ரூமு. வந்து பாத்தா என்ன நினைப்பான்? அப்பன் ஆத்தா நம்மளக் கழிச்சுக் கட்டிட்டாங்கன்னு நினைக்க மாட்டானா?”

அவள் ஏணியில் நாலு படி இறங்கி வந்தாள், அவன் முகத்துக்கு நேராக.

“லீனோ, அவன் ஒம்பது வருஷத்துல ஒரு ராத்திரி இங்க படுக்கல. நீ ஒரு ராத்திரி விடாம இங்கதான் படுத்திருக்க. வராதவனுக்கும் சேத்துக் கூரையை இழுத்து இழுத்து, இருக்கறவன் மேல ஒழுகுது. ஆசுபத்திரியில என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா? இன்னொரு மழைக்காலம் நீ நனையக்கூடாதாம். நனைஞ்சா அவ்வளவுதானாம். நான் அதைத் தனியாத் தூக்கிட்டு நடக்கறேன். எனக்குக் கையிலயும் தெம்பு இல்ல, காலுலயும் தெம்பு இல்ல. போதும்.”

சபீனா வாயில் வைத்த குவளையை எடுக்க மறந்து நின்றாள்.

லீனோ ஏணியை விட்டுவிட்டு மெதுவாகப் போய் முக்காலியில் உட்கார்ந்தான். போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினான். “பிரி, கலிஸ்தோ” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

பிரித்தார்கள். சின்ன அறையின் சட்டங்களைக் கழற்றிப் பெரிய அறையில் நெருக்கி வைத்து, இரண்டு நெளி ஏற்றித் தகரம் அடித்தார்கள். பாதி மூடினால் காற்று அடியில் நுழைந்து தூக்கும் என்று, மிஞ்சிய தகரத்தை ஆட்டுப்பட்டியின் மூலையில் அடித்தார்கள்.

“மகனுக்கு இல்லாத கூரை ஆட்டுக்குக் கிடைச்சுது” என்றான் லீனோ, யாரிடமும் இல்லாமல்.

“ஆடு வருஷத்துக்கு ரெண்டு குட்டி போடுது. உன் மவன் வருஷத்துக்கு ரெண்டு தடவ போன் போடுறான்” என்றாள் சபீனா. அதற்கு லீனோவே சிரித்து, சிரிப்பு இருமலாகி, நிக்காசியா வந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. ஃபெர்மீன் சாயந்திரம் முகட்டில் சிலுவை நட்டான். முகம் இன்னும் கொஞ்சம் தொங்கித்தான் இருந்தது.

டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில், மத்தியானம், தெற்கே வானம் பச்சையாயிற்று. முதலில் காற்று. பிறகு ஆலங்கட்டி, கோழிமுட்டை பாதி அளவில். கூரைமேல் ஆயிரம் கழுதை ஓடுகிற மாதிரி சத்தம். லீனோ கட்டிலில் சாய்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். நிக்காசியா பழக்கத்தில் சட்டிகளை எடுத்து வைத்தாள். சட்டிகள் காலியாகவே இருந்தன.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் லீனோவின் போன் அடித்தது. எலோய்.

“என்னப்பா அது சத்தம்? எங்க இருக்கீங்க?”

“வீட்லதான்டா! கூரை! புதுக்கூரை!” லீனோ கத்தினான். பிறகு சத்தம் கொஞ்சம் தணிந்தபோது அவன் குரலும் தணிந்தது. “எலோய், உன் ரூமுக்குக் கூரை போடலடா. தகரம் பத்தல. அம்மா... இல்ல, நாங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணோம்.”

மறுபக்கம் தையல் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“நல்லதாப் போச்சுப்பா” என்றான் எலோய். அவன் குரலும் களைத்துத்தான் இருந்தது. “நான் இங்கேயே இருந்துடப் போறேன்னு ரெண்டு வருஷமா சொல்ல வாய் வரல. அந்த ரூமை மூடி வெச்சுக்கிட்டு நீங்க உக்காந்திருக்கீங்கன்னு நினைச்சாலே சாப்பாடு இறங்காது. போன் பண்ணவும் பயமா இருக்கும். திருவிழாவுக்கு வர்றேன்பா. உங்க பக்கத்துல கீழ படுத்துக்கறேன்.”

லீனோ போனை நெஞ்சில் வைத்துக்கொண்டான். அழவில்லை. நிக்காசியா கேட்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் காலடியில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பழைய கூரை பறந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் பகலில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஆலங்கட்டி நின்றதும் இருவரும் சின்ன அறையின் கதவைத் திறந்தார்கள். நாலு மண்சுவருக்குள் வெள்ளையாகக் கணுக்கால் அளவு நிறைந்து கிடந்தது. மேலே வானம் கழுவின மாதிரி.

“சுவர் காத்தை நல்லா மறைக்குது” என்றான் லீனோ. “மொச்சை போட்டா வரும்.”

“நாளைக்குப் பாக்கலாம்” என்றாள் நிக்காசியா. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வெயில் இருக்கும்போதே தூங்கிப்போனாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டுத் தகரம் இரண்டு நெளி ஏறி நிற்கட்டும். உங்கள் படுக்கை எந்த மழையிலும் இடம் மாறாமல் இருக்கட்டும். தூரத்தில் இருக்கிறவர்கள் மனபாரமில்லாமல் இருக்கட்டும், பக்கத்தில் இருக்கிறவர்கள் நனையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யார் களைத்துப் போயிருக்கிறார்களோ, அவர்கள் கொஞ்ச நேரம் உட்காரட்டும்.