கல்யாணப் பீப்பாய்

கல்யாணமான மூன்றாம் ஆண்டு, ஈஸ்டருக்கு மறுநாள், ஸெலியின் கால்கள் தரையை விட்டுக் கிளம்பின. கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் கூரை உயரத்துக்குப் போய், கையில் அகப்பட்ட ஓடு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கோழிகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கொத்தத் தொடங்கின. அந்த வாரம் வெர்நுவா ஊரார் முட்டை விலை ஏறியதையும் இதையும் ஒரே மூச்சில் பேசினார்கள்.

காரணம் தேடி யாரும் சிரமப்படவில்லை. பெண்ணுக்குக் கல்யாணமானால் அந்த ஆண்டின் சவாஞன் திராட்சையில் ஒரு பீப்பாய் ஒயினை நிலவறையில் ஒதுக்கிவைப்பது அந்த வீட்டு வழக்கம். ஆறு ஆண்டும் மூன்று மாதமும் அதைத் தொடக்கூடாது. ஒயின் மரத்தின் வழியே மெல்ல ஆவியாகும். குறைந்த இடத்தில், பால்மேல் ஏடு படர்வதுபோல ஒன்று படரும். அந்த ஏட்டுக்கு அடியில்தான் ஜூரா மலையடிவாரத்து மஞ்சள் ஒயின், அக்ரூட் மணத்தோடு, விளையும். ஸெலியின் பீப்பாய் குறையக் குறைய ஸெலியும் குறைந்தாள். உடம்பு இளைக்கவில்லை. எடை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அவள் கணவன் ஒனோரே பர்கண்டியிலிருந்து வந்தவன். அவன் ஊரில் பீப்பாய் ஒரு விரல் குறைந்தாலும் ஒயின் கெட்டுவிடும் என்று வாராவாரம் ஊற்றி நிரப்புவார்கள். "மாப்பிள்ளை, உங்க ஊர்ல பீப்பாய்க்குக்கூட சோறு ஊட்டுவீங்களாமே? இங்க அது பட்டினி கிடந்துதான் வளரும். கைய வச்சிடாதீங்க" என்று மாமனார் அந்தெல்ம் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒனோரே கையை வைத்தான். மற்றவர்கள் தோட்டத்தில் இருந்த ஒரு மத்தியானம், ஒரு ஜாடி ஒயினை எடுத்துப்போய் மனைவியின் பீப்பாயில் ஊற்றினான். மேலே சமையலறையில் தொப்பென்று சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டே ஓடினான். ஸெலி தரையில்தான் கிடந்தாள். உதடு வெளுத்து, உடம்பு காய்ச்சலில் கொதித்தது. மூச்சில் காடி நாற்றம் அடித்தது. கணவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தெல்ம் நிலவறைக்குப் போய்ப் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஏடு கிழிஞ்சிடுச்சு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் ஒனோரேவுக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

புல் அறுக்கும் பருவத்தில் பீப்பாயில் புது ஏடு மெலிதாகப் படிந்தது. காய்ச்சல் விட்டது. ஸெலி படுக்கையிலிருந்து எழுந்தாள். எழுந்தவள் நேரே விட்டத்துக்குப் போனாள். ஊரார் நிம்மதியடைந்தார்கள். ஒனோரே அடையவில்லை. ஒருமுறை ஏடு கிழிந்த ஒயின் கடைசியில் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. திறக்கும் நாளில் அது காடியாக இருந்தால் ஸெலி என்ன ஆவாள் என்று அவன் கேட்கவில்லை.

அதுவரை அவளைக் கீழே நிறுத்த வேண்டியிருந்தது. இடுப்பில் இஸ்திரிப்பெட்டியைக் கட்டினார்கள்; அதுவும் கூடவே மிதந்தது. கொல்லன் இரவல் கொடுத்த பட்டறைக்கல் இரண்டு நாள் அவள் பக்கத்தில் அந்தரத்தில் தொங்கியது; வேலை கெடுகிறது என்று அவன் திருப்பி வாங்கிப் போனான். புகைபோட்ட பன்றித் தொத்திறைச்சி வெளிர்சிவப்பு ப்ளூசார் ஒயினுக்குத் தோழன். காட்டுப்பன்றிக் கறி த்ரூஸோ என்ற சிவப்பு ஒயினுக்கு. இரண்டையும் அவள் மடியில் கட்டிப் பார்த்தார்கள்; பயன்படவில்லை. ஒருநாள் பசிக்கிறதென்று ஸெலி மேலிருந்தபடியே ஒரு துண்டு பழைய கோந்தே பாலாடைக்கட்டி கேட்டாள். அதை மேலங்கிப் பாக்கெட்டில் போட்டதும் மெல்ல இறங்கிவந்து அடுப்பருகே நின்றாள். இளம் கட்டி அவளைத் தாங்கவில்லை; இரண்டு ஆண்டு முதிர்ந்ததுதான் தாங்கியது. அக்ரூட் தாங்கியது. காய்ந்த மோரெல் காளானும் தாங்கியது. அந்தக் காளானும் பாலேடும் சேர்த்துக் கோழி வேகும் நாட்களில் அவள் கனமாக, சத்தமாக நடந்தாள். "சவாஞனுக்குத் தெரியுது, யார் தன் ஆளுன்னு" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "ஒனோரே, என் பாக்கெட்டுல கைய விடாத. நேத்து நீ தின்ன துண்டுக்கு நான் சாயங்காலம் பூரா உத்தரத்துல ஒட்டிக்கிட்டுக் கிடந்தேன்."

இப்படியே ஆண்டுகள் போயின. கடைசிக் குளிர்காலத்தில் பனி மலைப்பாதையை மூடியது. பாலாடைக்கட்டி வரவில்லை. இருந்த அக்ரூட்டும் காளானும் தீர்ந்தன. ஸெலி பரணின் உச்சியில் முதுகு ஒட்டிக் கிடந்தாள். ஒனோரே ஜன்னல்களுக்கு ஆணியடித்தான். கொடிக்கு ஊன்றும் கழியின் நுனியில் ரொட்டியைக் குத்தி மேலே நீட்டினான். அவள் கணுக்காலில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். ஒருநாள் அவன் குதிகால்களும் தரையை விட்டு எழும்பின. அன்று கயிற்றை மேசைக்காலில் கட்டிவிட்டு ஜாடியைக் கையில் எடுத்தான்.

"எங்க போற?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"எங்கயும் இல்ல."

"ஜாடிய கீழ வை."

"நீ போயிட்டா?"

"போனா கயிறோடதானே போவேன். கைல கட்டிக்க, நீயும் வருவ. அப்பாவுக்கு உன் தொல்லை விட்டுதுன்னு ஆயிடும்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் ஜாடியைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை மறுபடி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான்.

ஏப்ரலில் நாள் வந்தது. அந்தெல்ம் பீப்பாயைத் திறந்து கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒனோரே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழக்கமாக வாய்கொப்பளித்துத் துப்பும் மனிதர் அன்று விழுங்கினார். "அக்ரூட்" என்றார். பிறகு மருமகனின் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி, "பர்கண்டிக்காரரே, பாட்டில எடுங்க" என்றார். பாட்டிலில் தக்கை இறங்க இறங்க ஸெலியும் பரணிலிருந்து இறங்கினாள். கடைசித் தக்கை அடிக்கப்பட்டபோது தரைக்கு ஒரு சாண் மேலே நின்றாள். அதற்குக் கீழே இறங்கவில்லை, மேலேயும் போகவில்லை. ஒனோரே அவள் பாதத்துக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தான். மறுநாள் காலையும் பார்த்தான். அதே ஒரு சாண். கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு இரண்டு நாள் தூங்கினான்.

அதன்பின் அவளுக்குச் செருப்புத் தேயவில்லை. துணி காயப்போட முக்காலி தேவைப்படவில்லை. பாதிரியார் அவளை மண்டியிடச் சொல்வதை விட்டுவிட்டார். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அந்தப் பீப்பாயின் பாட்டில் ஒன்றைத் திறந்து மிச்சம் வைத்தால் ஸெலி சற்று உயர்ந்துவிடுவாள். அதனால் கல்யாண நாளில் ஒரு பாட்டில் திறக்கும்போது அக்கம்பக்கத்தாரை அழைப்பார்கள். அவர்கள் பழைய கோந்தேயோடு வருவார்கள். அவள் முழங்கால் மேசை விளிம்புக்கு வருவதற்குள் யாராவது கடைசிக் குவளையைக் குடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அது கொல்லனாக இருக்கும்.