பூட்டில்லாத பூட்டுக்காரர் வீடு

இரட்டையரில் மூத்தவள் கை வைத்தால் எந்தப் பூட்டும் திறந்துகொள்ளும். பிறந்த அன்றே செவிலியின் மருந்து அலமாரியில் அது தொடங்கியது. திருட்டுப் பட்டம் வந்துவிடுமோ என்று வீட்டில் வெளியே மூச்சுவிடவில்லை. அவளுக்கு வங்கியில் கிடைத்த வேலை அரை நாள் நீடித்தது. பிறகு பூட்டே இல்லாத வேலையாகத் தேடி, தொலைதூரப் படகுத்துறையில் பயணச்சீட்டு கிழிக்கப் போனாள். நான்கு நிமிடம் பிந்திப் பிறந்த இளையவளுக்கும் அதே நெற்றி, அதே மூக்கு, அதே நடை. ஆனால் எல்லோரையும் போல அவளுக்குச் சாவி வேண்டும்.

பூட்டுக்காரர் முதலில் பார்த்தது விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த மூத்தவளைத்தான். வீட்டில் மற்றவர்களுக்காகச் சாவி செய்யச் சொல்லி ஓர் இரும்புப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தவள், அவர் கம்பியை எடுப்பதற்குள் அதைத் திறந்து காட்டிவிட்டுப் போனாள். மறுநாள் சாவி வாங்க இளையவள் போனாள். "நேத்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டுப் போனீங்களே!" என்று அவர் சிரித்தார். அவளைப் பார்த்து அதுவரை யாரும் அப்படிச் சிரித்ததில்லை. வந்தது அக்கா என்று சொல்ல வாயெடுத்தவள், சாவியை வாங்கிக்கொண்டு தானும் சிரித்தாள். மூன்று மாதத்தில் கல்யாணம். மூத்தவளுக்கு அவர் முகம்கூட நினைவில்லை. மணமேடையருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கையாலேயே திறந்து காட்டச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், பூட்டைக் கண்டால் மூச்சு முட்டுகிறது என்று இளையவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். பதினோரு வருடம் அந்த வீட்டுக்குப் பூட்டே கிடையாது. விளம்பரத்துக்குத்தான் அப்படி என்று தெரு பேசிக்கொண்டது. அவர் அன்பாக ஒரு வார்த்தை சொன்னாலும், அது தனக்கா அக்காவுக்கா என்று அவள் நெஞ்சு கணக்குப் பார்த்தது. அக்கா வருகிறேன் என்ற போதெல்லாம் சுவருக்கு வண்ணம் அடிக்கிறோம், குழந்தைக்கு அம்மை என்று தட்டிக்கழித்தாள்.

படகுத்துறையை மராமத்துக்கு மூடிய வாரம் மூத்தவள் சொல்லாமலே வந்து இறங்கினாள். வயதாக ஆக அவள் தொடக்கூட வேண்டியதில்லை என்றாகியிருந்தது. தெருவில் நடந்தபோதே இருபுறமும் கதவுகள் திறந்தன. கடையில் தொங்கிய இருநூறு பூட்டுகளும் ஒரே சமயத்தில் வாயைப் பிளந்தன. பூட்டுக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு அரத்தை எடுத்து ஒரு சாவியை ராவத் தொடங்கினார். சாயங்காலம்வரை அந்தச் சத்தம் வீட்டுக்குக் கேட்டது. இளையவள் ஒரே பாத்திரத்தை நான்கு முறை கழுவினாள்.

மூத்தவள் பிள்ளையோடு கடற்கரைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வந்து வாசற்கதவில் ஒரு பூட்டை மாட்டினார்.

"அன்னைக்கு வந்தது நான் இல்லீங்க" என்றாள் இளையவள்.

"தெரியுது. ஏண்டி, இதுக்கா பதினோரு வருஷம் ஊர்ப் பூனையெல்லாம் குடியிருக்கிற மாதிரி வீட்டைத் திறந்து போட்டே?" என்று சாவியை நீட்டினார். "நடந்து போனாலே திறக்கிறவங்களுக்கு நான் எதுக்கு?"

அவள் சாவியை நுழைத்தாள். அது திரும்பவில்லை.

"கொஞ்சம் இடப்பக்கமா அழுத்து" என்றார். திரும்பியது.

அதன் பிறகு மூத்தவள் வருடாவருடம் வந்தாள். அந்த வாரம் மட்டும் தெருக்காரர்கள் கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக்கொடுத்துக்கொண்டார்கள்.