ஆறு போத்தல் பூ

நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் அலோசியஸின் பெருவிரல் போக மறுத்தது. முப்பது வருசமாக இத்தாலியில், பலேர்மோவின் மாடிப்படிகளைத் துடைத்துத் துடைத்துக் கணு வீங்கிய விரல். திட்டிக்கொண்டே இரண்டு சின்ன விரல்களை நுழைத்துப் பிடித்துக்கொண்டார். சமையலறை மேசையில் விரித்த பழைய பேப்பரில், பத்து நாள் அலுமாரிக்குள் தலைகீழாகத் தொங்கிக் காய்ந்த கொப்புகள் கிடந்தன. மனைவி சூசையம்மாவின் சேலைகளையெல்லாம் கட்டிலில் குவித்துவிட்டு, அவை தொங்கிய இடத்தில் மகன் பிறின்ஸ் கஞ்சாவைத் தொங்கவிட்டிருந்தான். யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஐப்பசி மாதத்திலும் சிரொக்கோ காற்று கண்ணாடியில் அனலை அடித்துக்கொண்டிருந்தது.

"பூவோடை ஒட்டி நிக்கிற சின்ன இலையளை வெட்டி எறியுங்கோ அப்பா. பூவை நசுக்கிப்போடாதேங்கோ."

"இலையை எறியிறதோ?"

"ஓம். பூவுக்குள்ளைதான் மருந்தெல்லாம் கிடக்கு."

அலோசியஸ் செருமினார். முப்பத்திரண்டு வயது வரை ஊரில், தீவுப்பக்கப் புகையிலைத் தோட்டத்தில் நின்ற மனிதர். அங்கே செடி பூவெடுக்கத் தொடங்கியதும் கிள்ளி எறிந்துவிடுவார்கள். பூவை விட்டால் இலைக்குக் காரம் ஏறாது. இங்கே எல்லாம் தலைகீழ்.

"பூவை வைச்சு இலையை எறியிற பயிரை இண்டைக்குத்தான் பாக்கிறன். ஆரடா உனக்கு இதைச் சொல்லித் தந்தது?"

"யூரியூப்பிலை பாத்தனான்."

"பேந்தென்ன. அவன் உன்ரை மாமன்ரை மோனெல்லே, நம்பலாம்."

பிறின்ஸ் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு வயதுக்காரன், ஜெனோவாவுக்குப் போய்வரும் கப்பலில் சமையல். அடுத்த நாள் கப்பலேற வேண்டும். அவன் கை வேகமாக ஓடியது. அலோசியஸின் விரல்களிலும் கத்தரிக்கோலின் அலகுகளிலும் கறுப்புப் பிசின் ஏறி, பலாப்பால் போல ஒட்டிப் பிடித்தது. சவர்க்காரத்துக்கு அசையவில்லை. விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தார். கத்தரிக்கோலை அப்படியே பேப்பரில் சுற்றி மேசை லாச்சிக்குள் எறிந்தார்.

உள் அறையிலிருந்து சூசையம்மாவின் முனகல் கேட்டது. மார்பில் தொடங்கிய கான்சர் முள்ளந்தண்டுக்கும் இடுப்பெலும்புக்கும் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் குளிசைகளை விழுங்கினால் சத்தி எடுத்தாள். விழுங்காவிட்டால் சுவரைப் பிறாண்டினாள். பெரிய டொக்டர் இந்தச் செடியின் எண்ணெயை எழுதித்தான் கொடுத்தார். மருந்துக்கடையில் தை மாதம் தொடங்கி ஒரே பதில்: வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள். கப்பலில் கூட வேலை செய்கிற ஒருவனிடம் பிறின்ஸ் ஒரு சின்னப் போத்தல் எண்ணெய் வாங்கிவந்தான். நாக்கின் கீழ் மூன்று சொட்டு. அன்றைக்குச் சூசையம்மா மத்தியானம் முழுக்கத் தூங்கி எழும்பி, "இஞ்சேருங்கோ, ரெண்டு மீன் பொரிச்சா என்ன?" என்று கேட்டாள். அவள் வாயால் சாப்பாடு கேட்டு அப்போது அரை வருசம் ஆகியிருந்தது. அந்தப் போத்தல் முடிந்தபின் இன்னொன்று வாங்கக் காசும் இல்லை, விற்கிற ஆளும் இல்லை. அதனால்தான் மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பின்னால், தக்காளிக்கு நடுவே நாலு செடி. அலோசியஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கே ஏறுவது கிழமைக்கு ஒருமுறை. பிறின்ஸ் கடலில் நின்ற ஆவணி வெயிலிலும் செடிகள் வாடவில்லை. தண்ணியும் கேக்காத பேய்ப்பயிர் என்று நினைத்துக்கொண்டார்.

வெட்டிய பூக்களை ஆறு கண்ணாடிப் போத்தல்களில் தளர்வாகப் போட்டு மூடினான் பிறின்ஸ்.

"உள்ளுக்கை இன்னும் ஈரம் கிடக்கு அப்பா. காலமை பத்து நிமிசம், பின்னேரம் பத்து நிமிசம் மூடியைத் திறந்து விடுங்கோ. மறக்கக் கூடாது. மூண்டு கிழமையாலை நான் வந்து எண்ணெய் எடுக்கிறன்."

"எனக்கு இலை பதப்படுத்தப் படிப்பிக்கிறியோ?"

"இது புகையிலை இல்லை அப்பா."

சொன்னதை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனான்.

மூன்று நாள் அலோசியஸ் சொன்னபடி செய்தார். ஒவ்வொரு தரமும் அந்த மணம் வீடு நிறைந்து, கதவிடுக்கால் படிக்கட்டுக்கு இறங்கியது. நாலாம் நாள் பாண் வாங்கிக்கொண்டு ஏறி வரும்போது, கீழ்வீட்டு இத்தாலியக் கிழவி, சிஞ்ஞோரா பீனா, வாசலில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எண்பது வயதிருக்கும்.

"அலோயிஸியோ, உன் வீட்டில் என்ன வாசம்?"

"கறித்தூள், சிஞ்ஞோரா."

"கறித்தூளா!" கிழவி மூக்கில் விரலை வைத்துச் சிரித்தாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் நிற்கவில்லை.

அலோசியஸைப் பார்த்துச் சும்மா சிரித்தவர் ஒருவரும் இல்லை. கொழும்பில் காசை வாங்கிய ஏஜென்சிக்காரன் இப்படித்தான் சிரித்தான். கையெழுத்துப் போடு என்று வாசிக்கத் தெரியாத தாளை நீட்டிய முதல் முதலாளியும் சிரித்துக்கொண்டுதான் நீட்டினான். இவள் ஒரு வார்த்தை சொன்னால் பொலிஸ் வரும். பிறின்ஸின் கப்பல் வேலை போகும், விசாப் பத்திரம் போகும். படுத்திருக்கிறவளை யார் பார்ப்பது?

அன்றைக்கே கதவைப் பூட்டிவிட்டு ஆறு போத்தல்களையும் மேசையில் வைத்தார். புகையிலையைச் சிப்பமாகக் கட்டினால் யாராவது காலமையும் பின்னேரமும் அவிழ்த்துப் பார்ப்பார்களா? இறுக்கி அமத்தி வைத்தால் உள்ளே தன் சூட்டில் தானே புழுங்கிப் பதமாகும். காற்றுப் பட்டால்தான் கெடும். இது அவருக்குக் கை அறிந்த விசயம். கப்பலில் வெங்காயம் வெட்டுகிறவனுக்கு என்ன தெரியும்? பூக்களை முட்டியால் அமத்தினார். மூடிகளைத் திருகி, மேலே பிளாஸ்ரர் ஒட்டினார். துவாய்களில் சுற்றிச் சூட்கேஸுக்குள் வைத்துக் கட்டிலின் கீழே தள்ளினார்.

கட்டிலில் கிடந்தவள் கேட்டாள். "என்ன ஒளிக்கிறியள்?"

"உனக்குத்தான். பேசாமல் படு."

இரண்டு நாள் கழித்து, உளைவு கூடிய ஒரு பின்னேரம், அவருடைய சாரத் தொங்கலைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு போத்தலை ஒருக்காத் திறவுங்கோவன். அந்த மணம் வந்தாலே கொஞ்சம் ஆறுதலாக் கிடக்கு."

"விசர்க்கதை கதையாதை. கீழை ஒருத்தி மூக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறாள்."

"ஒரு நிமிசம்."

"பிறின்ஸ் வரட்டும்."

பிறகும் கேட்டாள். நாளுக்கு ஒருமுறை, பிறகு கண்ணால் மட்டும். அவர் வெந்நீர்ப் பையை மாற்றினார், கால் பிடித்துவிட்டார், செபமாலையைக் கையில் கொடுத்தார். போத்தலைத் திறக்கவில்லை. அவளுடைய முதுகுக்கு நேர் கீழே, ஒரு முழத் தூரத்தில், சூட்கேஸ் கிடந்தது.

பிறின்ஸ் வந்த அன்று, தாய் தூங்கிக் கிடக்க, உடுப்புக்கூட மாற்றாமல், அலோசியஸ் காட்டிய சூட்கேஸைச் சமையலறைக்கு இழுத்துவந்தான். பிளாஸ்ரரைக் கண்டதும் தகப்பனை ஒரு பார்வை பார்த்தான். முதல் மூடி திறந்தபோது அந்த மணம் வரவில்லை. மாரியில் நனைந்த வைக்கோலும் மூத்திரமும் கலந்த ஒரு நாற்றம் வந்தது. பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஆறும் அப்படித்தான்.

"திறக்கேல்லையோ?"

"இல்லை."

"அப்பா…"

"மேலாலை வழிச்சுப்போட்டு வெயிலிலை காய விட்டா? புகையிலையிலை நாங்கள் தட்டிப்போட்டு…"

"பூஞ்சணத்தைக் காய்ச்சி அம்மாவுக்குக் குடுக்கேலாது. இருக்கிற சீவனும் போயிடும்."

"இன்னொருக்கா நடுவம். நான் வடிவாப் பாக்கிறன்."

"வைகாசியிலை நட்டு, ஐப்பசியிலை வெட்டி…" பிறின்ஸ் கையில் இருந்த மூடியை மேசையில் வைத்தான். இரண்டு பேரும் அறைப் பக்கம் பார்த்தார்கள். மேசையில் பிளாஸ்ரர்த் துண்டு ஒன்று சுருண்டு கிடந்தது. அலோசியஸ் அதை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார்.

பிறின்ஸ் மருந்துக்கடைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று புறப்பட்டான். அடுத்த மாதம் என்றுதான் சொல்வார்கள், அது இரண்டு பேருக்கும் தெரியும். அலோசியஸ் எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கொட்டிக் கட்டி, பட்டப்பகலில் படியிறங்கினார். பீனா தன் வாசலில் இருந்தாள். இம்முறை அவரை விடவில்லை.

"அலோயிஸியோ, அந்த வாசம் நின்றுவிட்டதே. முடிந்துவிட்டதா? என் முழங்காலுக்கு ஒரு பிடி கேட்கலாமென்று நினைத்தேன். ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் தேய்ப்பேன். நீ நிற்கவேயில்லை."

அவர் பையை மறுகைக்கு மாற்றினார்.

"என்ன முழிக்கிறாய்? மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகிற எல்லோருக்கும் அந்தச் செடிகளைத் தெரியும். ஆகஸ்ரில் உன் மகன் கப்பலில் இருந்தபோது யார் தண்ணீர் ஊற்றியது? மாதாவா? இந்த முழங்காலோடு நான்தான் ஏறினேன். சூசைக்கு என்று தெரிந்துதானே ஊற்றினேன். எப்படி இருக்கிறாள்?"

"பேனே, சிஞ்ஞோரா," நலமாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிக் குப்பைத் தொட்டிவரை நடந்தார்.

திரும்பி வந்தபோது சூசையம்மா முழித்திருந்தாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.

"பிறின்ஸ் வந்திட்டான் எல்லே? எண்ணெய் ஆச்சோ?"

அலோசியஸ் அறை யன்னலைத் திறந்தார். மற்ற யன்னலையும் திறந்தார். ஒரு மாதமாக அடைபட்ட வீட்டுக்குள் தெருச் சத்தமும் மீன் பொரிக்கிற வாசமும் வந்தன. சமையலறைக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் லாச்சியை இழுத்தார். பேப்பரில் சுற்றியபடி கத்தரிக்கோல் கிடந்தது. அலகுகளில் பிசின் காய்ந்து கறுத்திருந்தது. முகர்ந்து பார்த்தார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதை அவள் மூக்கருகில் பிடித்தார். சூசையம்மா கண்ணை மூடினாள்.

"இதுதான்," என்றாள். "எங்கை வைச்சிருந்தனீங்கள் இவ்வளவு நாளும்?"

கத்தரிக்கோலைத் தன் கையில் வாங்கி மூக்கோடு அணைத்துக்கொண்டாள். ஐந்து நிமிசம் இருக்கும். பிறகு இடுப்பிலிருந்து அந்த நோவு எழும்பியது. அவள் உடம்பு வில்லாக வளைந்து, பல் கிட்டி, கை கத்தரிக்கோலோடு இறுகியது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கூர்முனை உள்ளங்கையில் பதியப் போவது தெரிந்து, வளையத்துக்குள் போகாத அந்தத் தடித்த பெருவிரலை அலகுக்கும் அவள் தோலுக்கும் இடையில் செருகினார். செருகியபடி இருந்தார். யன்னலுக்கு வெளியே, மொட்டை மாடியிலிருந்து யாரோ துணி உதறுகிற சத்தம் கேட்டது.