சம்பந்தியின் தொப்புள்

எங்கள் குடும்பத்தில் எவரும் அடுத்தவர் தொப்புளில் விரல் விட்டதில்லை. இரண்டரை வயதுப் பேரன் அக்சயன்தான் அதைத் தொடங்கிவைத்தவன். நித்திரை வந்தாலோ பயந்தாலோ, பக்கத்தில் இருப்பவரின் தொப்புளைத் தேடிப்பிடித்து விரலை விட்டுக்கொண்டு கண்ணை மூடிவிடுவான். உறுக்கிப் பார்த்தேன். என் தொப்புளில் வேப்பெண்ணெய் தடவியும் பார்த்தேன். வீடெல்லாம் வேப்பெண்ணெய் மணத்ததுதான் மிச்சம்.

மருமகள் ஜெயரூபியோ அசையவில்லை.

"உறுக்காதேங்கோ மாமா. அவன் பயத்திலதான் அதைத் தேடுறான். நீங்கள் கத்தினால் இன்னும் பயப்பிடுவான். கையில வேற ஏதும் குடுத்தால் தானா விட்டிடுவான்."

"ஆரும் பாத்தால் என்ன சொல்லுவினம்?"

"சின்னப்பிள்ளை எண்டு சொல்லுவினம்."

இந்த வேளையில்தான் என் கடைசி மகள் ரஜிதாவுக்குத் துணுக்காயிலிருந்து நல்லதொரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நிரோஜனை அவளுக்கும் பிடித்திருந்தது. அவனுடைய தகப்பன் யோகநாதன் ஓம் என்று சொல்வதுதான் பாக்கி. அவர்கள் பெண் பார்க்க வீட்டுக்கு வந்து கதிரைகளில் இருந்தால், பேரன் யாராவது ஒருவரின் மடியில் ஏறிவிடுவான். ஆகவே மாங்குளத்தில் எங்கள் பிள்ளையார் கோயிலில் சந்திப்போம் என்று நானே ஏற்பாடு செய்தேன். கோயிலில் எல்லோரும் நிற்பார்கள். மடி இராது. என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும் என்பது, யோகநாதன் தன் சட்டையைக் கழற்றிய பிறகே என் மூளைக்கு எட்டியது. கம்பீரமான வயிறு. அதன் நடுவில் இருந்தது தொப்புள் அல்ல, கிணறு. அதுவும் சின்னக் கைக்கு எட்டும் உயரத்தில்.

பேரனை என் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பூசை தொடங்கியது. காண்டாமணியும் மேளமும் ஒருசேர முழங்கின. பயந்துபோன அக்சயன் என் பிடியிலிருந்து நழுவி, ஓடிப்போய், யோகநாதனின் தொப்புளில் விரலை விட்டான்.

"எடடா கையை!"

நான் போட்ட சத்தத்தில் மேளகாரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பேரன் மற்றக் கை விரலையும் உள்ளே விட்டான். ரஜிதா முகத்தைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

என் மகன் சுகிர்தன் பதறாமல் வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினான்.

"மணிச் சத்தம் பயமா இருக்கோ அப்பன்? அப்பா இஞ்சதான் நிக்கிறன். இந்தாங்கோ, பிள்ளையாற்ற வாழைப்பழம். விழாமல் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ பாப்பம்."

அக்சயன் யோசித்தான். ஒரு கை வெளியே வந்தது. பிறகு மற்றது. இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்தபடி காவற்காரன் போல நின்றான்.

"குறை நினைக்காதேங்கோ," என்றேன் யோகநாதனிடம். "எங்கட குடும்பத்தில ஒருநாளும் இப்பிடி..."

"அண்ணை, பிள்ளையின்ர விரல் கூசினது மட்டும்தான். நீங்கள் போட்ட சத்தத்துக்குத்தான் எனக்கு நெஞ்சு இடிச்சது."

அவருடைய மனைவி சிரித்தார். "இவன் நிரோஜன் ஏழு வயசு மட்டும் என்ர காதைத் தடவித் தடவித்தான் படுத்தவன்."

"அம்மா!" என்றான் மாப்பிள்ளை. ரஜிதா முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"பிள்ளையோட இப்பிடிக் கதைக்கிற வீட்டில பொம்பிளை எடுக்கலாம்," என்றார் யோகநாதன், தொப்புளைத் தடவிக்கொண்டே.

கலியாணமும் அதே கோயிலில்தான். ஐயரின் வயிறு சம்பந்தியினுடையதைவிடப் பெரியது. உறுக்குவதில்லை என்று மருமகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். குடும்ப மானத்துக்காக, என் வேட்டி மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும்.