வலென்சியா சோமண்ணை

தெல்லிப்பழையில் சோமசேகரம் வீடு எது என்று கேட்டால் எவரும் சற்று யோசிப்பார்கள். வலென்சியா சோமண்ணை வீடு என்றால் சந்தியில் நிற்கிற எல்லாரும் ஒரே பக்கம் கையை நீட்டுவார்கள். கிரேக்கக்காரனின் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய், ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் இறங்கி, அந்தத் துறைமுகத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்து, பெட்டியொன்று சரிந்து விழுந்ததில் கால் முறிந்து ஊர் திரும்பியவர் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பதின்மூன்று வருஷமாக அவரே சொல்லிப் பரப்பிய கதை.

உண்மை வேறு. கப்பல் வலென்சியாவில் கட்டிய அன்றே அவர் சரக்கறைக்குள் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். கரையில் அவரை இறக்கியது தூக்குப்படுக்கையில். கப்பல் தன் பாட்டில் போய்விட்டது. மாதக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார். எலும்பு ஒருவாறு பொருந்தியதும் கம்பெனிக்காரர் டாக்சியில் ஏற்றி விமானத்துக்கு அனுப்பினார்கள். அந்த நகரத்துத் தெருவில் அவர் ஓரடிகூட நடந்ததில்லை. முதற் பயணத்திலேயே நொண்டிக்கொண்டு வந்தவன் என்று ஊர் சொல்லக்கூடாதே என்பதற்காக, கொழும்பிலிருந்து வந்த ரயிலில் இருந்தபடியே அந்த ஒரு வருஷ வேலையைச் சோடித்துக்கொண்டார். ஊர் நம்பியது. பிறகு கலியாணம் செய்த கமலாவதியும் நம்பினாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டில் பக்கத்து வளவு அருளம்பலத்தின் மகள் நாகேஸ்வரிக்கு வலென்சியாவில் நீர்ப்பாசனம் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. அருளம்பலம் வெங்காயத் தோட்டக்காரர். மகள் போகும் நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு சோமசேகரத்தின் வீட்டுக்கு வந்தார்.

“சோமண்ணை, அந்த ஊரிலை இருந்து எழும்பின ஆள் எண்டு இஞ்சை நீங்கள் ஒருத்தர்தான். பிள்ளைக்கு நாலு விஷயம் சொல்லிக் குடுங்கோ.”

சோமசேகரத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பின்னேரங்களில் நாகேஸ்வரி வந்து எதிரே கதிரையில் இருப்பாள். அவர் சொல்லுவார். அங்கே ஏழு மணிக்கெல்லாம் சாப்பாடு முடிந்துவிடும், எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். சாப்பாட்டில் உப்பு இராது. சூப்பும் பாணும்தான், அரிசியை அந்தச் சனம் கண்ணாலும் கண்டதில்லை. விடிய முன்னமே எழுப்பிவிடுவார்கள். எல்லாரும் மெதுவாகத்தான் கதைப்பார்கள், சத்தம் போட்டால் கோபம் வரும். அவர் சொன்னது ஆஸ்பத்திரியின் ஒரு வாட்டைப் பற்றி என்பது அவருக்குத் தெரியும். சொல்லச் சொல்ல அதுவே நகரமாகிவிட்டது போலிருந்தது.

அதோடு விட்டிருந்தால் இவ்வளவு வந்திராது. ஒரு நாள் அருளம்பலம் கேட்டார்: “சர்வகலாசாலை விடுதியிலை இடம் தாறமெண்டு எழுதியிருக்கினம். பெடியள் பெட்டையள் எல்லாம் ஒரே கட்டடமாம். எனக்கு மனம் ஒப்பேல்லை. நீங்கள் இருந்த வீடு, அந்த ரோசா அம்மா, அவ பிள்ளையை வைச்சிருக்கமாட்டாவே?”

ரோசா, இரவு வேளையில் அவருக்கு ஊசி போட்ட தாதி. வீடு வாடகைக்குக் கொடுத்த அம்மா என்று அவளை அவர் என்றோ கதைக்குள் கொண்டுவந்திருந்தார். இல்லையென்று சொல்ல அந்தக் கணம் ஒன்றே போதும். அவர் சொன்னது, “ஓம், ஏன் மாட்டா? சோமு அனுப்பினது எண்டால் தலையிலை வைச்சுப் பாப்பா.”

அருளம்பலம் விடுதி வேண்டாமென்று மகளைக்கொண்டு எழுதிப் போட்டுவிட்டார். அதைக் கேள்விப்பட்ட அன்று சோமசேகரத்துக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

அப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அருளம்பலம் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

“சோமண்ணை, மத்தியானம் எங்கடை வீட்டைதான் சாப்பாடு. பருத்தித்துறைக்கு வந்திருக்கிற வெளிநாட்டு டொக்டர்மாரிலை ஒரு ஸ்பெயின் பொம்பிளை இருக்கிறாவாம். நாகேசு அவவைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறாள். அவவின்ரை பாஷையிலை கதைக்க உங்களைப்போலை ஒரு ஆள் இருந்தால் அவவுக்கும் சந்தோசம்தானே!”

சோமசேகரம் கால் வலியென்றார், தலையிடியென்றார். கமலாவதி விடவில்லை. வெள்ளைச் சேட்டைத் தானே மினுக்கி எடுத்து, “எத்தினை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாஷை கதைக்கப் போறியள்! நானும் வந்து கேக்கப்போறன்” என்று புறப்பட்டுவிட்டாள்.

டொக்டர் இசபெல் முப்பது வயது மதிக்கத்தக்கவள். வெயிலில் சிவந்த முகம், வாய் நிறையச் சிரிப்பு. சோமசேகரத்தை யாரென்று நாகேஸ்வரி ஆங்கிலத்தில் சொன்னதும் அவள் எழுந்து ஓடிவந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மளமளவென்று கதைக்கத் தொடங்கினாள். சொந்தப் பாஷையில் கதைக்க ஆள் கிடைத்த மகிழ்ச்சி அது. சோமசேகரத்துக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எல்லாரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள். கமலாவதி பெருமையோடு பார்த்தாள்.

கடைசியாக அவள் அவருடைய காலைக் காட்டி ஏதோ கேட்டாள். அதில் ‘துவேலே’ என்றொரு சொல் வந்தது. வலிக்கிறதா என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியும்.

“நோ, செஞோரீத்தா. நோ மே துவேலே” என்றார். வலிக்கவில்லை என்று. உச்சரிப்பு அப்படியே இருந்தது. அருளம்பலம் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொடுத்த தெம்பில் சோமசேகரம், நன்றாக நித்திரை கொண்டேன், சூப் எல்லாம் குடித்துவிட்டேன், நன்றி என்று நினைவிலிருந்த மற்றதையும் சொல்லி முடித்தார்.

டொக்டரின் சிரிப்பு மெல்ல நின்றது. அவரை நிமிர்ந்து பார்த்துத் தாழ்ந்த குரலில் ஒரே சொல்லைக் கேள்வியாகக் கேட்டாள். “ஒஸ்பித்தால்?” ஆஸ்பத்திரியா என்று.

“என்னவாம்?” என்றார் அருளம்பலம்.

“வலென்சியா பிடிச்சதோ எண்டு கேக்கிறா” என்றார் சோமசேகரம்.

சாப்பாட்டில் இருந்தார்கள். டொக்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நாகேஸ்வரி தமிழில் சொன்னாள். ராச்சாப்பாடு அங்கே ஒன்பது மணிக்குப் பிறகுதான், முதல் மாதம் பசி தாங்க வீட்டில் ஏதாவது வைத்திருக்க வேண்டும். மத்தியானம் கடைகளெல்லாம் பூட்டிவிடுவார்கள், சாமானைக் காலையிலேயே வாங்கிவிட வேண்டும். போய்ச் சேர்ந்த கையோடு பொலிஸில் பதிந்து அட்டை எடுக்க வேண்டும். மாரிக்காலத்தில் வெளியிலும் பார்க்க வீட்டுக்குள்தான் குளிரும், கம்பளி முக்கியம். கடையில் இருந்து சாப்பிடும்போது கைப்பையைக் கதிரையில் கொழுவக்கூடாது. பெண்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுவார்கள், பயப்படக்கூடாது. சனம் சத்தம்போட்டுத்தான் கதைக்கும், சண்டையென்று நினைக்கக்கூடாது.

நாகேஸ்வரி கொண்டுபோகவென்று மூலையில் கட்டி வைத்திருந்த அரிசிப் பையைக் கண்டு அது என்னவென்று டொக்டர் கேட்டாள். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அப்பா, வலென்சியாவைச் சுத்தி நெல்லுத்தான் விளையிறதாம்! கடலேரிக் கரையெல்லாம் வயலாம். ஞாயிற்றுக்கிழமையிலை வீட்டுக்கு வீடு சோறாம்!”

எல்லாரும் சோமசேகரத்தைப் பார்த்தார்கள்.

“நான் இருந்த பக்கத்திலை இல்லை” என்றார் அவர்.

“மாமா,” என்றாள் நாகேஸ்வரி, “ரோசா அம்மாவின்ரை வீடு எந்தத் தெரு எண்டு கேக்கிறா. தன்ரை தமக்கை அங்கைதானாம். போய்ப் பாத்துச் சொல்லச் சொல்லலாமாம்.”

“துறைமுகத்துக்குக் கிட்ட... பேர் மறந்துபோச்சு.”

டொக்டர் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு சொல்லில் அவரை அந்தக் கூடத்தின் நடுவில் உரித்து வைத்திருக்கலாம். அவள் கண்ணைத் தாழ்த்தித் தன் தட்டில் இருந்த சோற்றைப் பிசையத் தொடங்கினாள். அந்த இரக்கத்தைத்தான் சோமசேகரத்தால் தாங்க முடியவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லிப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அருளம்பலத்தைத் தேடித் தோட்டத்துக்குப் போனார். இறைப்பு நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கிற மிசின் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவன் கதைப்பதும் கேளாது. அருளம்பலம் வெங்காயத் தறையில் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டு நின்றார். நாகேஸ்வரி வரம்பில் தேத்தண்ணிப் போத்தலோடு நின்றாள்.

“ரோசா எண்டு வீட்டுக்காரி ஒருத்தரும் இல்லை!” என்று சோமசேகரம் கத்தினார்.

“என்ன?”

“வீடு இல்லை! நான் அங்கை இருக்கேல்லை!”

அருளம்பலம் காதைக் காட்டித் தலையாட்டிவிட்டு, மண்வெட்டியை வைத்துப் போய் மிசினை நிறுத்தினார். சட்டென்று தோட்டம் முழுவதும் அமைதியாயிற்று. பக்கத்துத் தறையில் களை பிடுங்கியவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அமைதியில் சோமசேகரம் முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. சரக்கறையில் விழுந்தது, வாட்டில் கிடந்தது, தாதியை வீட்டுக்காரியாக்கியது, எல்லாவற்றையும்.

அருளம்பலம் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“நீங்கள் ஊருக்குக் கதை விட்டதைப் பற்றி எனக்கு ஒண்டும் இல்லை, சோமண்ணை. எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்தினியள், அதுவும் போகட்டும். கிடைச்ச விடுதியை வேண்டாம் எண்டு எழுதேக்கை பாத்துக்கொண்டு இருந்தனீங்களே! என்ரை பிள்ளை பெட்டியோடை இறங்கி, அந்நிய ஊரிலை, இல்லாத வீட்டைத் தேடி அலையட்டும் எண்டே?”

சோமசேகரம், “பிழைதான்” என்றார். அது அவருக்கே மிகச் சிறிய சொல்லாகப் பட்டது. அருளம்பலம் திரும்பிப்போய் மிசினை இழுத்து விட்டார்.

நாகேஸ்வரி அன்றே டொக்டரைத் தேடிப் பருத்தித்துறைக்கு ஓடினாள். விடுதியில் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விட்டதென்று பிறகு தெரியவந்தது. டொக்டரின் தமக்கை அலைந்து திரிந்து, கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் விடுதியொன்றில் கட்டில் ஒன்று பிடித்துக் கொடுத்தாள். அங்கிருந்து மறுமொழி வரும்வரை அருளம்பலத்தின் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. வேலிக்கு இப்பால் சோமசேகரத்துக்கும் இல்லை.

ஊரில் பேர் மாறவில்லை. சந்தியில் இப்போதும் வலென்சியா சோமண்ணைதான். சொல்லும்போது வாய்க்குள் ஒரு சிரிப்பு சேர்ந்துகொண்டது. ஆள் கூடுகிற சங்கக்கடைக்குப் போவதைச் சோமசேகரம் குறைத்துக்கொண்டார்.

புறப்படுவதற்கு முதல்நாள் நாகேஸ்வரி வந்தாள். பழையபடி கதிரையில் இருக்கவில்லை. வாசற்படியில் நின்றாள்.

“அப்பாவுக்கு இன்னும் கோபம். எனக்கும்தான்” என்றாள். சற்றுப் பொறுத்து, “காய்ச்சல் வருத்தம் எண்டு படுத்தால் என்ன சொல்லிக் கேக்கவேணும், மாமா?” என்று கேட்டாள்.

வலிக்கிறது, தண்ணீர் வேண்டும், குளிர்கிறது, மூச்சு முட்டுகிறது, டொக்டரைக் கூப்பிடுங்கள். அவர் ஒவ்வொன்றாக அந்தப் பாஷையில் சொல்லிக் கொடுத்தார். அவள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, “வாறன்” என்று படியிறங்கிப் போனாள்.

கமலாவதிதான் மிச்சம். தோட்டத்தில் நடந்ததைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் அவரோடு தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவில்லை. சாப்பாடு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள். நாகேஸ்வரி போன பின்னேரம் குசினி வாசலில் சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்.

“எனக்கும் அந்தக் கதைதானே சொன்னனீங்கள்.”

“ஓம்.”

“கலியாணம் பேசி வரேக்கை எங்கடை ஐயாவுக்கும்.”

“ஓம்.”

அவளுடைய கை இலையை உருவிக்கொண்டேயிருந்தது. சோமசேகரம் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

“அப்ப, உண்மையிலை அங்கை என்ன கண்டனீங்கள்?” என்றாள் அவள்.

இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. அவர் வாசற்படியில் மெல்ல அமர்ந்து காலை நீட்டினார்.

“கட்டிலுக்குப் பக்கத்திலை ஒரு யன்னல். முன்னாலை ஒரு மொட்டைமாடி. ஒரு கிழவி உடுப்புக் காயப்போட வருவா. நான் ஒவ்வொரு நாளும் கையைக் காட்டுவன். அவ ஒரு நாளும் காணேல்லை.” தொடையைத் தடவிக்கொண்டார். “வாட்டிலை எல்லாருக்கும் ஆள் வரும். எனக்கு வராது. ஆக்கள் வாற நேரம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடப்பன். அழுதிருக்கிறன், கமலா.”

கமலாவதி சுளகைத் தள்ளி வைத்தாள்.

“பேந்து? சொல்லுங்கோ” என்றாள்.