பத்தொன்பது படிகள்

மத்திய வங்கி வட்டியை ஏற்றிய ஒவ்வொரு கால் வீதத்துக்கும் ஸ்காபரோவின் மில்லிக்கன் பகுதியில் செலீன் வீட்டு முன்வாசலில் ஒரு படி கூடியது. வீடும் அதற்கேற்ப உயர்ந்தது. ஒன்றரை வருடத்துக்குள் பத்தொன்பது படிகள். நல்ல சீமெந்து, ஒரு விரிசல் இல்லை. தபால்காரர் கடிதங்களைக் கீழ்ப்படியிலேயே வைத்துவிட்டுப் போனார். கடன் கொடுத்தவர்கள், உயர்ந்த வீட்டுக்குப் பெறுமதி கூட என்று வாழ்த்து அனுப்பினார்கள். வெட்கம் கெட்டவர்கள்! செலீனின் கணவர் கஸ்பருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் சக்கர நாற்காலியோடு இறங்கி டயாலிசிஸுக்குப் போகாவிட்டால் ஆள் இல்லை.

இந்தப் படிகளை வைத்து இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஸ்காபரோப் பத்திரிகையில் மோதினார்கள். யாழ்ப்பாணத்தில் பொருளியல் படிப்பித்த விநாயகமூர்த்தி மாஸ்டர், வட்டி என்பது காத்திருப்பவனின் கூலி என்று எழுதினார். கணக்காளர் றம்ஸி, காசு குட்டி போடாது, லாபம் கேட்பவன் நட்டத்திலும் பங்கெடுக்கட்டும் என்று எழுதினார். நூற்றாண்டுகளாகப் பெரிய தலைகள் போட்ட சண்டைதான். இருவருக்கும் மண்டபங்களில் கைதட்டல் கிடைத்தது. ஒருவராவது வந்து கஸ்பரின் நாற்காலிக்குக் கை கொடுத்தாரா? மூச்! அதுதான் வயிறு எரிகிறது. போதாக்குறைக்கு, வட்டி இன்னும் ஏறும் என்று மாஸ்டர் எழுதியதை வேதவாக்காக நம்பி, செலீன் வீட்டுக் கடனின் வட்டியை உச்சத்திலேயே ஐந்து வருடத்துக்கு மாறாதபடி பூட்டினாள். பிறகு வட்டி இறங்கியது. படிகள் இறங்கவில்லை.

செலீன் இருவரையும் வீட்டுக்கு அழைத்தாள். "எழுதினது காணும். கதிரையை ஆளுக்கொரு பக்கம் பிடியுங்கோ" என்றாள்.

பத்தாவது படியில் மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியை இறக்கி வைத்தார். கஸ்பர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மாஸ்டர், காத்திருக்கிறவனுக்குத்தான் வட்டியெண்டு எழுதினியள். நானும் உந்தக் கதிரையில காத்துக்கொண்டுதான் இருக்கிறன். எனக்கு ஆர் தாறது?"

றம்ஸி சிரித்தார். கஸ்பர் அவர் பக்கம் திரும்பினார்.

"சிரியாதேங்கோ நானா. நட்டத்தில பங்கெண்டு எழுதினது நீங்கள்தானே. தூக்குங்கோ."

தூக்கினார்கள். அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி தவறாமல் வருகிறார்கள். படியில் விவாதம் இல்லை, மூச்சு மிச்சமிருந்தால்தானே. பூட்டுத் திறக்க இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது. கஸ்பருக்கு டொக்டர் இரண்டு வருடம்தான் சொல்லியிருக்கிறார். பனி கொட்டும் நாட்களில் இருவரும் கால் மணித்தியாலம் முந்தியே வந்து, பத்தொன்பது படிகளுக்கும் வழுக்காமல் உப்புத் தூவிவிட்டுத்தான் பெல்லை அடிக்கிறார்கள்.