அடிவயிற்றில் மூச்சு

பூன் கம்சோய் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சட்டைக்கு அடியில் ஹெர்னியா பெல்ட்டை இழுத்து இறுக்கினார். வெளியே சங்கக் கூடத்தில் முரசு தொடங்கிவிட்டது. மறைந்த குங்ஃபூ குருவின் பிறந்தநாள். ஃபோஷானில் மிச்சமிருந்த சீடர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வறுத்த பன்றியை வெட்டுவதற்கு முன்னால் மூத்த சீடர் மூச்சை அடிவயிற்றில் இறக்கி நிற்க வேண்டும், அடுத்தவர் அங்கே மூன்று குத்து விட வேண்டும். பத்தொன்பது வருடமாக நிற்பவர் பூன், குத்துபவர் மாக் சீலுன்.

"மூச்சைத் தானா இறங்க விடு, அமுக்காதே" என்றுதான் குரு சொல்லிக்கொடுத்தார். பூனுக்குப் பொறுமை ஏது? சாக்கில் அரிசியைத் திணிப்பதுபோல் திணித்தே பழகினார். வயிறு கல்லானது, ஊரில் பெயரும் வந்தது. போன மாதம் தொடையிடுக்குக்கு மேலே முட்டையளவு புடைத்துக்கொண்டது. வியாழக்கிழமை ஆபரேஷன், அதுவரை முக்கக்கூடாது, குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலையில் கஞ்சியை வைத்தபடி மனைவி யூக்ஃபோங் கேட்டாள். "இந்த வருஷம் முடியலன்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"மாக்கிட்டயா? ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே. சாவுக்கு வந்து அழறதுக்கு அது தேவலாம்."

பூன் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இப்போது கூடத்தின் நடுவில் பூன் கால் அகட்டி நின்றார். பயமாகத்தான் இருந்தது. மூச்சை இழுத்தார். அது கீழே போக மறுத்து நெஞ்சிலேயே தங்கியது, தோள் லேசாக ஏறியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தத் தோள் என்றைக்காவது ஏறாதா என்று பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாக்.

மாக் ஓங்கிய கையை இறக்கினார்.

"அண்ணே, நேத்து மீன் கூடை தூக்கினதுல தோள் புடிச்சுக்கிச்சு. இந்த வாட்டி நான் நிக்கறேன், நீங்க குத்துங்க."

"மாக் ஜகா வாங்கிட்டாருடா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, கூடம் சிரித்தது. மாக்கும் பல்லைக் காட்டினார். பூனுக்கு நிம்மதியும் வெட்கமும் சேர்ந்தே வந்தன. இடம் மாறி நின்று, பெயருக்கு ஒரு குத்து விட்டார்.

முஷ்டி சதையில் படவில்லை. மாக்கின் சட்டைக்குள் தடித்த பட்டை தட்டுப்பட்டது. பூன் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குப் போன குளிர்லயே ஆபரேஷன் பண்ணித் தச்சாச்சுண்ணே" என்றார் மாக், முரசுச் சத்தத்துக்குள் அவருக்கு மட்டும் கேட்கும்படி. "பெல்ட்டு சும்மா ஒரு பயத்துக்கு. ரெண்டாவது குத்துக்குக் கொஞ்சம் சத்தம் போடுங்க, இல்லன்னா நம்பமாட்டாங்க."

பூன் வாயைத் திறந்தார். சத்தத்துக்குப் பதில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மாக்குக்கும் உதடு துடித்தது. சிரித்தால் வலிக்கும். குருவின் படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அசையாமல் நின்றார்கள்.

"பாருங்கடா, அதான் நிலை!" என்றார் யாரோ.